மருந்து என்றால் எந்த மருந்து?

விஞ்ஞான பீட நண்பர் ஒருவர் தன்ர ஆய்வுத் தலைப்பைச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு உது விளங்காது, விடுங்கோ" என்றார். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இந்த வசனம் பழக்கம்தான். அண்டைக்கு மட்டும் நாங்கள் விடவில்லை. கன்ரீனில் பிளேன்ரீ ஆறிப்போகும் வரை இருந்து கேட்டோம். விளங்கியது.

தலைப்பு இதுதான்: காபன் நனோகுழாய் உயிருணரிகள். பெயரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. சலரோகக்காரர் இருக்கிற வீடுகளில் பார்த்திருப்பீர்கள், விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தை வைக்கிற ஸ்ட்ரிப். அதுவும் ஓர் உயிருணரிதான். அதிலுள்ள நொதியம் குளுக்கோசுடன் தாக்கமடைகிறது. அதில் வெளிப்படும் இலத்திரன்கள் மின்னோட்டமாகி, திரையில் எண்ணாகத் தெரிகின்றன. 1962 இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது இது.

1991 இல் சுமியோ இஜிமா வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு காபன் நனோகுழாய்கள் உலகத்தின் கவனத்துக்கு வந்தன. ஒற்றைச் சுவர்க் குழாயில் எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. அதனால் பக்கத்தில் நடக்கிற சின்ன மாற்றமும் மின்னோட்டத்தில் தெரியும்.

நண்பர் அளப்பது அசற்றைல்கோலின் எசுத்தரேசு என்ற நொதியத்தை. நரம்புச் செய்தி போய்ச் சேர்ந்தபிறகு, அதைக் கொண்டுபோன அசற்றைல்கோலினை உடைத்துத் துப்புரவாக்குவது இதன் வேலை. உணரியில் நொதியம் வேலை செய்தால் மின்னோட்டம் வரும். ஏதாவது பொருள் அதைத் தடுத்தால் மின்னோட்டம் குறையும்.

எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது இதற்குப் பிறகு அவர் சொன்னதுதான். ஒகனோபொசுபரசு பூச்சிநாசினியைச் சேர்த்தால் மின்னோட்டம் குறையும். அல்சைமர் நோயாளருக்குக் கொடுக்கிற டொனெபெசில் மாத்திரையைக் கரைத்துச் சேர்த்தாலும் குறையும்! பூச்சிநாசினி நொதியத்தை இறுக்கிப் பிடித்து லேசில் விடாது. டொனெபெசில் பிடித்துவிட்டு விடும். கழுவிப் பார்த்தால் அந்த வித்தியாசம் பிடிபடும். ஆனால் குறைகிற எண் மட்டும் நஞ்சா மருந்தா என்று சொல்லாது.

எங்கட ஊர்த் தோட்டங்களிலும் "மருந்து அடிக்கிறது" என்றுதானே சொல்லுறம். பூச்சிக்கும் மருந்து, காய்ச்சலுக்கும் மருந்து. அந்த ஒரு சொல்லுக்குள் நஞ்சு ஒளிஞ்சிருப்பதை நாங்கள் யோசிப்பதேயில்லை.

ஆகவே எங்கட கேள்வி இது: இந்த உணரியில் முதலில் எதை வைத்துப் பார்க்கப் போகிறோம்? மருந்துக் கம்பனிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சல்லடை போட இது உதவும். முகமூடி இல்லாமல் வெங்காயத்துக்கு மருந்து அடிக்கிற ஒருவரின் இரத்தத்தில் நொதியம் எவ்வளவு குறைந்திருக்கு என்று பார்க்கவும் இதே முறை உதவும். எது முந்தும் என்பதை நனோகுழாய் தீர்மானிக்காது. காசும் கொள்கையும்தான் தீர்மானிக்கும். அதைப் பற்றிப் பேச எங்களுக்கும் உரிமை இருக்கு.

இதெல்லாம் நாளைக்கே கைக்கு வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. நொதியம் வெக்கையில் பழுதாகும். நனோகுழாய்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது. கன உணரிகள் ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் இப்பவே கேட்கச் சொல்கிறோம். கருவி கடைக்கு வந்தபிறகு கேட்டால் விலை மட்டும்தான் கேட்கலாம்.

விஞ்ஞான பீடத்து நண்பர்களே, "விளங்காது" என்று சொல்லாமல் தமிழில் சொல்லித் தாருங்கள். கலைப்பீடத்து நண்பர்களே, "எங்களுக்கு ஏன் உது" என்று எழும்பிப் போகாதீர்கள். தோட்டத்தில் நிற்பது எங்கட அப்பாமாரும் அம்மாமாரும்தான்.