கைக்கு அடங்கிய வேகம்

“டாக்டர், மறுபடியும் வண்டி ஓட்டலாமா?”

எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது தவறாமல் கேட்கும் கேள்வி இது. பல ஆண்டுகளாக நான் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தே இதற்கு விடை சொல்லி வந்தேன். எலும்பு கூடியிருந்தால் “ஓட்டலாம்”. கூடாதிருந்தால் “அடுத்த மாதம் பார்ப்போம்”. அந்த விடை போதாது என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு நோயாளி.

அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். வலது கீழ்க்கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையில் உள்ளே கம்பி பொருத்தப்பட்டிருந்தது. ஐந்தாம் மாதம் எலும்பு நன்றாகக் கூடியிருந்ததைப் பார்த்து அனுமதி கொடுத்தேன். மூன்றே வாரங்களில் மணிக்கட்டு முறிந்து திரும்பி வந்தார். முதல் சில நாட்கள் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல்தான் ஓட்டியிருக்கிறார். உடன் வேலைக்குச் செல்பவர்கள், “மாட்டுவண்டிகூட உங்களை முந்திவிடும்” என்று கேலி செய்திருக்கிறார்கள். அன்று அவர்களுக்கு ஈடுகொடுக்க அறுபதில் ஓட்டினார். நாய் ஒன்று குறுக்கே ஓடியது. பழுதுபட்டிருந்த வலது கால் பிரேக்கை மிதிக்க ஒரு கணம் தயங்கியது. அவ்வளவுதான்.

எலும்பு கூடிவிட்டதா என்று பார்த்த நான், அந்தக் காலால் பிரேக்கை அழுத்தி மிதிக்க முடிகிறதா என்று கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அவரைக் கேலி செய்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த ஒரு கணத்தின் மதிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் செல்கிறது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை இயக்குவதற்கு நலமாக இருப்பவருக்கே ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 17 முதல் 25 மீட்டர் கடந்துவிடுகிறது. வேகத்தை 30-ஆகக் குறைத்தால் அந்தத் தொலைவு பாதியாகும். பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவு நான்கில் ஒரு பங்காகும்.

ஆகவே என் கருத்து இதுதான்: ஒவ்வொருவருக்கும் அன்றைய உடல்நிலைக்கும் பழக்கத்துக்கும் ஏற்பக் கைக்கு அடங்கிய வேகம் ஒன்று உண்டு. அந்த வேகத்தில் ஓட்டுவதே சரி. சாலைப் பலகையில் உள்ள எண் சட்டம் வகுத்த உச்ச வரம்பு மட்டுமே. அதை எட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. முன்னால் செல்லும் நண்பரின் வேகம் அவருடைய திறனுக்கு உரியது. மெதுவாகச் செல்பவர் சாலையின் இடப்புறம் ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிட்டால் போதும்.

அந்த எல்லையைத் தாண்டிவிட்டோம் என்பதை உடலே நமக்குத் தெரிவிக்கும். கைப்பிடியை விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், தோள்கள் உயரும், மூச்சை அடக்கிக்கொள்வோம், தொலைவில் இருக்க வேண்டிய பார்வை முன்சக்கரத்துக்கு அருகே விழும். ஏற்காட்டுக்கோ எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கோ நண்பர்களுடன் செல்லும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். குழுவில் பழக்கம் குறைந்தவரை முன்னால் செல்ல விடுங்கள். மற்றவர்கள் அவருக்கு ஏற்பப் பின்தொடரட்டும்.

ஆனால் ‘எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது’ என்ற உணர்வு எப்போதும் நம்பத்தக்கதன்று. மது அருந்தியவருக்கும் அப்படித்தான் தோன்றும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மாத்திரைகளும், தூக்க மருந்துகளும், வலுவான வலிநிவாரணிகளும் நாம் அறியாமலே விழிப்பைக் குறைக்கின்றன. இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டவருக்குச் சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம். தலைக்கவசம் அணிவது வசதியாக இல்லை என்பதும் ஏற்கத்தக்க காரணமன்று. அது இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு காட்டுகிறது. பின்னால் அமர்பவருக்கும் அது சட்டப்படி கட்டாயம்.

நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இரவு முழுவதும் வார்டில் கண்விழித்துவிட்டு, விடியற்காலையில் குளித்து உடை மாற்றி வர வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கைக்கு அடங்கிய வேகம் பூஜ்யமாகவும் இருக்கலாம். பேருந்தில் செல்லுங்கள், இல்லையேல் ஒரு மணி நேரம் உறங்கிவிட்டுக் கிளம்புங்கள். மகனைப் பார்த்துக்கொள்ள வந்த தந்தை பக்கத்துக் கட்டிலில் படுக்க நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் சிலவற்றைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். அருகில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள். அதன் மேல் அமர்ந்து, இரு கால்களையும் தரையில் ஊன்றி எடையைத் தாங்குங்கள். இரு பிரேக்குகளையும் முழு வலுவுடன் அழுத்துங்கள். வலியோ தயக்கமோ இருந்தால் இன்னும் காலம் வரவில்லை. இயன்முறை சிகிச்சையைத் தொடருங்கள். தடையின்றிச் செய்ய முடிந்தால், ஆளில்லாத மைதானத்தில் சில நாள் மாலையில் ஓட்டிப் பழகுங்கள். நம்மில் பலர் பின்பிரேக்கை மட்டுமே நம்புகிறோம். வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கு உரியது. இரண்டையும் சேர்த்து, சீராக அழுத்தப் பழகிக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்கள் பின்னால் எவரையும் ஏற்றாதீர்கள். பழகப் பழக உங்கள் எல்லை தானாகவே விரியும்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். “இன்னும் என்ன பயம்?” என்று கேட்காதீர்கள். விழுந்து எழுந்தவரின் அச்சத்தில் பாதி அறிவுதான். பின்னால் அமர்ந்து செல்லும்போது வேகம் மிகுந்தால் “மெதுவாகப் போங்கள்” என்று தயங்காமல் சொல்லுங்கள். ஓட்டுபவர் அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம்.

மணிக்கட்டு முறிந்த அந்த நோயாளி இப்போது மீண்டும் வண்டி ஓட்டுகிறார். நண்பர்களைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்பிவிடுகிறாராம். சென்ற மறுபரிசோதனையில் அதைச் சற்றே வெட்கத்துடன் சொன்னார். அதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று அவரிடம் சொன்னேன்.