மூன்றே நிலைகளா?

பொருளின் நிலைகள் எத்தனை என்று கேட்டால், நம் மாணவர்கள் திடம், திரவம், வாயு என ஒப்புவித்துவிடுவர். தேர்வுக்கு அது போதும். ஆனால், ‘மூன்றே’ என்று நாம் அழுத்திக் கற்பிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த ஏகாரம் ஒரு கதவை அடைத்துவிடுகிறது.

1888 இல் பிராகு நகரில் தாவரவியலாளர் ரைனிட்சர், கொலஸ்ட்ரில் பென்சோயேட் என்னும் பொருளைச் சூடாக்கினார். அது 145.5 பாகை செல்சியசில் கலங்கிய திரவமாக உருகியது, 178.5 பாகையில்தான் தெளிந்தது. அந்த இடைநிலையே திரவப் படிகம். நம் பிள்ளைகளின் கணிப்பான் திரையில் இருப்பது இவ்வகைப் பொருளே.

இதில் எளிய வகை ‘நெமாட்டிக்’. கோல் போன்ற மூலக்கூறுகள் திரவம்போல் நகர்ந்துகொண்டே ஒரு திசையை ஒட்டி நிற்கும். ஆயினும் பாதி மேல்நோக்கியும் பாதி கீழ்நோக்கியும் இருப்பதால், அவற்றின் மின்முனைவு ஒன்றையொன்று நீக்கிவிடும்.

மூலக்கூறு வளரிபோல் வளைந்திருந்தால்? சீப்பிலுள்ள வாழைப்பழங்களைப் போல வளைவுக்குள் வளைவு பொருந்தி, எல்லாம் ஒரே பக்கம் நோக்கும். 1996 இல் தோக்கியோ தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், அடுக்கடுக்காக அமைந்த இத்தகைய பொருளில் மின்புலத்தால் முனைவைத் திருப்பிக் காட்டினர். அடுக்குகளற்ற நெமாட்டிக் நிலையில், வளைந்த மூலக்கூறுகள் சிறு குழுக்களாகச் சேர்வதாகப் பல ஆய்வுகள் விளக்குகின்றன. குழுவுக்குள் ஒரே நோக்கு. ஆனால், குழுக்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கும். வலிய மின்புலம் வந்ததும் அவை ஒருமுகப்படும். புலத்தைத் திருப்பினால் தாமும் திரும்பும். புலம் நீங்கினால் சிதறும்.

மின்புலம் இல்லாமலே முனைவு நிலைத்திருக்கும் நெமாட்டிக் உண்டாகலாம் என்று 1916 இலேயே மாக்ஸ் போர்ன் கருதினார். அத்தகைய பொருள்கள், வளையாத மூலக்கூறுகளைக் கொண்டு, 2017 இல்தான் வெளிப்பட்டன. நூறாண்டு காத்திருந்தது ஒரு வினா!

மதிப்பெண் குறையுமோ எனப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. ‘நாம் முதலில் கற்கும் நிலைகள் மூன்று’ என்று கற்பித்தால் விடையும் மாறாது, வினாவும் மடியாது. “அகார்-அகார் திடமா, திரவமா, ஐயா?” என்று கேட்கும் பிள்ளையை, “பாடத்தைப் பார்” என்று அடக்காதீர்கள். அப்பிள்ளை நிற்கும் இடத்தில்தான் ரைனிட்சரும் நின்றார்.

அன்பர்களே, ஓர் ஏகாரத்தை விட்டுக்கொடுப்போம். இழப்பு ஏதுமில்லை.