வட்ஸ்அப்பை மூடினால் வேறு வாசல் உண்டா? ரவுட்டர் தானாகத் திறக்கும் கதவும் கிழக்குக் கரையும்

2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல். இரண்டு ஜனாதிபதிகளின் காலத்தில் இலங்கை மக்களின் உரையாடல் செயலிகள் ஒரே இரவில் மூடப்பட்ட மாதங்கள் இவை. மீண்டும் அப்படி நடந்தால் என்ன செய்வது என்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நிறுவனங்களின் சேர்வரை நம்பாமல் ஒரு கணினியிலிருந்து மற்றக் கணினிக்கு நேரடியாகப் பேசும் ஜாமி போன்ற செயலிகளே விடை என்று சிலர் முடிவும் செய்துவிட்டார்கள். அந்த விடை எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

முதலாவது மூடலுக்கு முன்னோடியான சம்பவம் எமது மாவட்டத்திலேயே நடந்தது. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரின் முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தபோது காரியம் கைமீறியிருந்தது. அடுத்து திகன எரிந்தது. மார்ச் 7 அன்று முகநூல், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தனது தளத்திற்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

ஆகவே மூடல் அவசியம் என்போர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை 2019 காட்டியது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்த ஏப்ரல் 21 அன்று விதிக்கப்பட்ட தடை 30ஆம் திகதி வரை நீடித்தது. இடையில் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சமரும் குண்டுவெடிப்பும் நடந்தன. ஆறு சிறுவர்கள் உட்பட 15 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. கல்முனை, சம்மாந்துறை, சவளக்கடைப் பகுதிகளில் ஊரடங்கு. கட்டாரிலும் சவுதியிலும் உழைக்கும் பிள்ளைகள் உம்மா வாப்பாவோடு பேசும் வழக்கமான வழி அந்த இரவில் அடைக்கப்பட்டிருந்தது. வதந்தி பரப்புகிறவன் விபிஎன் போட்டுக்கொண்டான். வீட்டுக்குள் அடைபட்ட தாய்க்கு அது தெரியாது.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் குடாநாடு எப்படித் தனித்துவிடப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆபத்து வரும்போது முதலில் துண்டிக்கப்படுவது பாதிக்கப்பட்டவரின் குரல்தான் என்பதைத் தமிழரும் முஸ்லிம்களும் தனித்தனியாகவே கற்றுக்கொண்டோம்.

இனி நேரடிச் செயலிக்கு வருவோம். வீட்டு ரவுட்டர் ஒரு காவலாளி மாதிரி. உள்ளேயிருந்து வெளியே போவதை விடும். அழைக்காமல் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். நேரடியாகப் பேச வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு வாசல், அதாவது ஒரு போர்ட், திறந்திருந்தால் வசதி. முன்பு இதை ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் நாமே செய்ய வேண்டியிருந்தது. 1999இல் உருவான யூபிஎன்பி என்ற ஏற்பாடு அந்த வேலையைச் செயலியிடமே கொடுத்தது. செயலி வீட்டு வலையமைப்புக்குள் ஒரு குரல் கொடுக்கும், ரவுட்டர் பதில் சொல்லும், "இந்த இலக்க வாசலைத் திறந்து என்னிடம் அனுப்பு" என்று செயலி கேட்கும். ரவுட்டர் திறந்துவிடும். கடவுச்சொல் கேட்பதில்லை. வீட்டுக்காரரிடமும் கேட்பதில்லை.

பிரச்சினை அங்கேதான். உரையாடல் செயலி கேட்டால் திறக்கிற ரவுட்டர், பிள்ளையின் கைபேசியில் விளையாட்டோடு ஒட்டிவந்த தீய மென்பொருள் கேட்டாலும் திறக்கும். கடையின் சிசிரிவி பெட்டி கேட்டாலும் திறக்கும். 2013இல் ராப்பிட்7 நிறுவனம் உலகளாவிய ஆய்வொன்றைச் செய்தது. வீட்டுக்குள் மட்டும் கேட்கவேண்டிய இந்தக் குரலுக்கு இணையத்தின் வெளிப்பக்கத்திலிருந்தே பதில் சொன்ன முகவரிகள் 81 மில்லியனுக்கு மேல். அதாவது தெருவில் போகிறவனும் கதவைத் திறக்கச் சொல்லலாம்.

இரண்டாவது விடயம் எமது மக்களுக்கு இன்னும் முக்கியமானது. நேரடியாகப் பேசும்போது உங்கள் ஐபி முகவரி மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியும். பேசிய விடயம் மறையாக்கத்தில் பத்திரமாக இருக்கலாம். யார் யாரோடு எப்போது பேசினார் என்பது அப்படியல்ல. அந்த முகவரி அந்த நேரத்தில் யாருடைய இணைப்பு என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும் நாட்டில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளும் காணி மீட்புக்குப் போராடுவோரும் ஊடகவியலாளரும் இதைச் சிறிய விடயமாக எடுக்க முடியாது. 2020 ஏப்ரலில் ஒரு முகநூல் பதிவுக்காக றம்ஸி றாஸிக் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2023 ஆகியிருந்தது.

மூன்றாவது, பலருக்கு இந்த வாசல் திறந்தும் பயனில்லை. கைபேசி வலையமைப்புகள் பொதுவாகப் பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. சிம் போட்டு இயங்கும் ரவுட்டரில் நீங்கள் திறப்பது அறைக் கதவு மட்டுமே. வெளிக் கேற்றின் திறப்பு நிறுவனத்திடம். உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் உங்கள் நிலை இதுதான். அப்போது செயலி பல வேளைகளில் இடைச் சேர்வர் ஒன்றின் வழியாகப் பேச வேண்டிவரும். யாரையும் நம்பத் தேவையில்லை என்ற வாக்குறுதி அங்கே முடிந்துவிடுகிறது.

எனவே எனது ஆலோசனை இது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். யூபிஎன்பியை நிறுத்துங்கள். நேரடிச் செயலி அவசியமென்றால், அதற்குரிய ஒரேயொரு போர்ட்டை நீங்களே கையால் திறந்து, தேவை முடிந்ததும் மூடுங்கள். சிக்னலில் அழைப்புகளை எப்போதும் இடைச் சேர்வர் வழியாக அனுப்பும் தெரிவு உண்டு. வட்ஸ்அப்பிலும் அழைப்பின்போது ஐபி முகவரியை மறைக்கும் தெரிவு 2023 முதல் உள்ளது. அவற்றை இயக்கிவையுங்கள். இணையமே நின்றால் அயல்வீட்டோடு பேச, புளூடூத்தில் இயங்கும் பிரையர் செயலியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தடை வந்தபின் தேடினால் கிடைக்காது.

ஆனால் கதவு பூட்டுவதை மக்களின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதித் தடை பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையில் விதிக்கப்பட்டதாகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கூறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றே நீக்கப்பட்டது. ஒரு கோரிக்கையில் மூடி, ஒரு எதிர்ப்பில் திறக்கக்கூடியது என்றால், அங்கே விதி என்று ஒன்று இல்லை. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத் தளங்களுக்கான அணுகலைத் தடுக்கப் பணிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. முழுத் தடைக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும், காலவரை வேண்டும், காரணம் எழுத்தில் பகிரங்கமாக வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் இருந்து நாடாளுமன்றம் சென்ற தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது. கல்முனை பிரதேச செயலக விவகாரத்தில் எதிரெதிரே நிற்பவர்களும் இதில் ஒரே பக்கம் நிற்கலாம். அடுத்த தடை வரும் இரவில் இரு ஊர்களின் கைபேசிகளும் ஒன்றாகத்தான் மௌனமாகும்.