சங்கிலிக்குப் பின் சிகிச்சை எங்கே?

தூத்துக்குடியிலிருந்து முத்துக்குளிக்கும் கரையோரமாக வடகிழக்கே சென்றால் ஏர்வாடியை அடையலாம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில் அங்கே மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி வெந்து மாண்டனர். இறந்தோர் 28 பேர். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடுத்துவிட்டது. ஆயின், சங்கிலியை விலக்கியதோடு நமது கடமை தீர்ந்ததா?

மனச்சிதைவு நோயாளரில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்குச் சாதாரண மருந்துகள் போதிய குணம் அளிப்பதில்லை. அவர்களுக்கென உள்ள குளோசபைன் என்னும் மருந்தும் சிலரிடம் தோற்றுவிடுகிறது. அந்நிலையில் மருந்தோடு மின்னதிர்ச்சிச் சிகிச்சையையும் சேர்த்தளிப்பதுண்டு. 2015-ம் வருஷம் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில், குளோசபைனால் குணமடையாத 39 பேர் சோதிக்கப்பட்டனர். இரண்டையும் பெற்றவர்களில் சரிபாதியினர் எட்டு வாரங்களில் தெளிவான முன்னேற்றம் கண்டனர். மருந்தை மட்டும் பெற்றவர்களில் ஒருவரும் அவ்வாறு தேறவில்லை. ஆராய்ச்சி சிறிதே, எனினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

மின்னதிர்ச்சியென்றதும் ஜனங்கள் அஞ்சுகின்றனர். 1938-ல் ரோமாபுரியில் செர்லெட்டியும் பினியும் இதனைத் தொடங்கிய காலத்தில் மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தோரும் உண்டு. ஆதலின் அவ்வச்சம் காரணமற்றதன்று. இன்றோ நோயாளியை உறங்கச் செய்து, தசைகளைத் தளர்த்திய பின்னரே சில விநாடிகள் மின்சாரம் செலுத்தப்படுகிறது. உடல் பெரும்பாலும் துடிப்பதில்லை. சிலருக்கு ஞாபகம் குன்றுவதுண்டு. அதனை மறையாமல் எடுத்துரைத்துச் சம்மதம் பெறுவதே வைத்தியருக்கு அழகு.

சங்கிலியைத் தடுத்த அதே சட்டப்பிரிவுதான் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்துமின்றி மின்னதிர்ச்சி அளிப்பதையும் தடுக்கிறது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் மயக்க மருந்து கொடுக்க அதற்குரிய வைத்தியர் வேண்டும்; பிராணவாயுவும் கருவிகளும் வேண்டும். இவையில்லாத ஊரில், ஏழையைக் காக்க எழுந்த சட்டமே அவனுக்கு அடைத்த கதவாகிவிடும். பணமுள்ளவன் பட்டணத்துக்குப் போவான்; வலை இழுப்பவனும் உப்பளத்தில் உழைப்பவனும் எங்கே போவர்?

ஆகவே, ஒவ்வொரு ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும் குளோசபைனும், அதற்கு அவசியமான இரத்தப் பரிசோதனையும், முறையான மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்குமாறு சர்க்கார் செய்ய வேண்டுமென வற்புறுத்துகிறோம். ஊர்தோறும் உழைக்கும் தொண்டர்கள் இக்கோரிக்கையைத் தங்கள் மகாநாடுகளில் தீர்மானமாக்குவார்களாக. கால்விலங்கு ஒடிந்தது பாதி விடுதலையே; சித்தம் தெளிய வழி செய்வதே மறுபாதி.