சாவடி மட்டும் போதுமா?

கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வடக்கேயிருந்து வரும் லாரிகள் எளாவூர்ச் சாவடியைத் தாண்டித்தான் தமிழகத்துள் நுழைகின்றன. 2020ஆம் ஆண்டிலே, கொரோனாக் கொடுநோய் பரவிய நாளில், அங்கே வண்டிகளை மறித்தனர். அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டனர். நோய் நின்றதா? நிற்கவில்லை! லாரிக்குச் சீட்டு உண்டு. கிருமிக்கு ஏது சீட்டு?

சாவடியே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அது சில நாள் அவகாசம் தரும். அந்த அவகாசத்துக்குள் மருந்து வந்து சேர வேண்டும். மருந்தோ, பசி எடுத்தபின் உலையேற்றி இறக்கும் கஞ்சியன்று. அதற்கு ஆலை வேண்டும், கைதேர்ந்தோர் வேண்டும், ஆண்டுக்கணக்கான முன்னேற்பாடு வேண்டும்.

அந்த முன்னேற்பாடு இந்நாட்டுக்குப் புதியதா? இல்லை. கிண்டியிலே 1899இல் எழுந்த கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்தது. குன்னூரிலே 1907இல் தோன்றிய பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடிக்கு மருந்து தந்தது. கிண்டியிலேயே 1948இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஆய்வகம் அமைந்தது. ஊரூராய் அம்மை குத்திய ஊழியரின் உழைப்பால், 1977இல் இந்தியா பெரியம்மை ஒழிந்த நாடாயிற்று. இத்தனையும் பொதுப்பணத்தில் விளைந்த பயன்!

பின்னர் நடந்தது என்ன? 2008 சனவரியில் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய மூன்று அரசு நிலையங்களின் உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு நிறுத்தியது. தரமுறை குறைவு என்றார்கள். குறை இருந்தால் களைவதுதானே கடமை? கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவார்களா, குடியிருப்போரை வெளியேற்றுவார்களா? 2010இல் அந்தத் தடை நீங்கியது. ஆனால் இடையில் இழந்த காலத்தை யார் திருப்பித் தருவார்?

செங்கற்பட்டில் ஒரு தடுப்பூசி வளாகத்துக்கு 2012இல் ஒப்புதல் தந்தார்கள். மதிப்பீடு 594 கோடி ரூபாய். கட்டடம் எழுந்தது, கருவிகள் வந்தன. 2021 மே திங்களில், ஊசிக்காக மக்கள் வரிசையில் வாடியபோது, அவ்வளாகம் உற்பத்தியின்றி வெறுமனே நின்றது. அதை எங்களிடம் தாருங்கள் என்று தமிழ்நாட்டு அரசு கேட்க நேர்ந்தது. அதே மாதத்தில்தான், 18 முதல் 44 வயதினர்க்கான மருந்தை மாநிலங்களே விலைகொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்றது டில்லி!

தனியார் ஆலைகள் இருக்க அரசு ஆலை எதற்கு என்பார் உண்டு. தனியார் தரட்டும், தடுப்பாரில்லை. ஆனால் அவர்கள் ஆதாயத்தை எண்ணுபவர்கள். இலாபம் இல்லாத நாளிலும் உலை அணையாமல் காக்க வல்லது அரசு ஒன்றே. தீப்பிடிக்காத நாளிலும் தீயணைப்பு வீரர்க்குச் சம்பளம் தருகிறோமே, அதை வீண்செலவு என்போமா?

தோழர்களே! அடுத்த நோய் எப்பெயரில் வரும் என்பதை அறியோம். வரும் என்பதை அறிவோம். அன்று எளாவூரில் சாவடிக் கட்டை மீண்டும் இறங்கலாம். அதற்குமுன் கேட்போம்: ஆலைகள் ஆயத்தமா? வெள்ளம் வருமுன் அணை போடுவதே அரசு. வந்தபின் கரையில் நின்று வருந்துவது அரசாகாது!