நட்பிற்கும் கணக்கு எழுதலாமோ?

கணிப்பொறி விளையாட்டைப் பற்றிய நாவல் என்றவுடன் நம்மவருள் பலர் முகம் சுளிக்கின்றனர். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் சூதுக்கு இலக்கியத்திலும் இடமா என்று கேட்பாரும் உளர். அமெரிக்க எழுத்தாளர் கேப்ரியல் செவின் 2022-இல் வெளியிட்ட 'டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ' என்னும் ஆங்கில நாவலை முன்வைத்து அவர்களை மறுக்கத் துணிகிறோம்.

வள்ளுவர் கடிந்தது சூதை, விளையாட்டை அன்று. சூதில் ஒருவன் தோற்றாலன்றி மற்றவன் வெல்ல இயலாது. விளையாட்டிலோ இருவர் கூடி ஓர் உலகையே படைக்கலாம்.

விபத்தில் தாயை இழந்து, கால் நொறுங்கி, எவரோடும் பேசாது லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் கிடக்கிறான் சிறுவன் சாம். விளையாட்டுத் திரையின் முன்னே, சேடி என்னும் சிறுமியிடம் அவன் வாய் திறக்கிறான். அவளும் தொடர்ந்து வருகிறாள். ஆனால், வந்த நேரத்தையெல்லாம் சமூகத் தொண்டு என்று தாளில் குறித்துக் கையொப்பம் பெற்றுவந்திருக்கிறாள். 600 மணிக்கும் மேல்! அதனை அவன் அறிந்ததும் நட்பு முறிகிறது.

ஆண்டுகள் கழித்து, கல்லூரிப் பருவத்தில் மீண்டும் கூடி, தோழன் மார்க்ஸின் துணையோடு 'இச்சிகோ' என்னும் விளையாட்டைப் படைக்கின்றனர். வெற்றி வருகிறது, புகழோ பெரிதும் சாமையே சேர்கிறது. சேடியின் நெஞ்சில் புண் விழுகிறது. மணிக்கணக்கு போய், படைத்தவர் யார் என்னும் கணக்கு வந்துவிட்டது.

இது நமக்குப் புதிதா? கோப்பில் குறிப்பு எழுதுபவர் ஒருவர்; பாராட்டுப் பெறுபவர் வேறொருவர். அத்தகைய குறிப்பொன்றின் பொருட்டு, நாள்தோறும் உடனமர்ந்து உண்ட நண்பரோடு ஓராண்டுக் காலம் பேசாதிருந்தவர்கள் நாம். சேடியைக் குறைகூற நமக்கு வாயில்லை.

சாமும் சேடியும் மணந்துகொள்ளவில்லையே என்று குறைப்படுவோர், ஆணையும் பெண்ணையும் உழைப்பும் பிணைக்கும் என்பதை மறந்தவர்கள். இருவரும் பிடிவாதக்காரர்கள்; நம் பொறுமையைச் சோதிப்பவர்கள். அது நூலின் குறையன்று. அவர்கள் பொம்மைகள் அல்லர் என்பதற்குச் சான்று.

ஊரையும் உறவையும் விட்டு வந்த நம் வீடுகளில், பிள்ளைகளுக்கு நண்பர்களே சுற்றம். எனவே பெற்றோரே, பிள்ளை எத்தனை மணிநேரம் விளையாடினான் என்று மட்டும் எண்ணாதீர்கள். உடன் விளையாடியவர் யார் என்றும் ஒருமுறை கேளுங்கள்.