மறதிநோய் வந்த முதியோரின் பகல்பொழுது: எங்கள் நிலைப்பாடு

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களும், அங்கே பெற்றோரைச் சேர்த்திருக்கும் குடும்பத்தாரும் கூடிப் பேசி இதை வெளியிடுகிறோம். மறதிநோய் வந்தவருக்கு மாத்திரையும் குளியலும் எப்படியோ, அப்படித்தான் கைக்கும் மனதுக்குமான வேலையும். நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளக் கூடாது.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கணித்தது. அவர்களில் இல்லம் வந்து சேர்பவருக்கு அநேகமாகக் கிடைப்பது ஒரு நாற்காலியும் நாள் முழுக்க ஓடும் டிவியும்தான்.

சிறுபிள்ளைகளின் வண்ணம் தீட்டும் புத்தகத்தைப் பேரன் பேத்தி எடுத்தவர் முன் வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. போடியில் ஏலக்காய் தரம் பிரித்தே பிள்ளைகளை வளர்த்த அம்மாவுக்குப் பருமன் பார்த்து ஒதுக்குவது விரலோடு ஊறிய பழக்கம். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்த பிறகும் கைப்பழக்கம் நெடுநாள் தங்கும். அவர் முன் ஒரு சுளகில் ஏலக்காய் வையுங்கள். வாசனையே பேச்சைத் தொடங்கிவைக்கும். இருபோக வயலில் பாடுபட்டவரிடம் நாற்று, நடவு பற்றிக் கேளுங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வரும் நாளில் வாய்க்கால் கரைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போங்கள். எதையும் வாயில் போட்டுக்கொள்பவராக இருந்தால் ஏலக்காய், புளியங்கொட்டை, சோழி எதுவும் வேண்டாம். துணி மடிக்கக் கொடுங்கள்.

இதைச் சாக்காக வைத்து இல்லத்தின் வேலையை அவர்களிடம் வாங்குவது சுரண்டல். எவ்வளவு முடித்தார் என்ற கணக்கே கூடாது. பாதியில் எழுந்து போனால் போகட்டும்.

"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டுப் பரீட்சை வைப்பதை உறவினர்கள் நிறுத்த வேண்டும். பதில் வராதபோது அவர் படும் வெட்கத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம். "ஒங்க மக வந்திருக்கேம்மா" என்று நீங்களே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பொழுது சாயும் நேரத்தில், முன்பு ஜீப்பில் மலைத்தோட்ட வேலைக்குப் போய் வந்த பெண்கள், "பிள்ளைகள் காத்திருக்கும், வீட்டுக்குப் போகணும்" என்று தவிப்பார்கள். கதவைப் பூட்டுவதும் வாதாடுவதும் தவிப்பைக் கூட்டும். அந்த நேரத்தில்தான் கூடவே நடக்க, பூக் கட்ட ஓர் ஆள் வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே பஜனையைப் போடுவதும் தவறு. இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசி வளர்ந்தவர்கள் உண்டு. பள்ளிவாசல் பாங்கு கேட்டு எழுந்தவர்கள் உண்டு. நோய் முற்றும்போது முதலில் கற்ற மொழியே பலருக்குக் கடைசியில் கைகொடுக்கிறது.

சிறு குழுவாக அமர்ந்து பேசியும் பாடியும் சிந்தனையைத் தூண்டும் முறை 2003-இல் இங்கிலாந்தில் 14 அமர்வுகளாகச் சோதிக்கப்பட்டது. ஆரம்ப, இடைநிலை மறதிநோயில் அது பலன் தந்தது. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல ஆய்வு நிறுவனம் அதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறது. அந்தப் பயிற்சி நம் மாவட்டப் பணியாளர்களுக்கும் கிடைக்க மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அந்த இல்லங்களில் முதியோரைக் கைவேலையிலும் பேச்சிலும் ஈடுபடுத்துவதற்கென்றே ஒருவர் நியமிக்கப்பட வேண்டும்.

குடும்பத்தாரிடம் ஒன்று கேட்கிறோம். சேர்க்கும் நாளில் மருந்துச் சீட்டோடு, அவர் செய்த தொழில், பேசிய மொழி, பிடித்த பாட்டு, பயப்படும் விஷயம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.